கடலூர்–புதுச்சேரி வட்டாரத்தில் கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் சேமிப்பது: திட்டம் போடுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, அழுத்தி, பூமிக்கடியில் பூட்டிவைக்கும் திட்டம் என்றதும் அறிக்கை எழுதுபவர்கள் புகைபோக்கியில் ஆரம்பிக்கிறார்கள். எந்த ஆலை எத்தனை டன் விடுகிறது, எந்தக் கரைசல் நல்லது, இயந்திரம் என்ன விலை என்று பக்கம் பக்கமாகப் போகும். கடைசியில் சேமிப்பு என்ற தலைப்பில் பத்து வரி. அதில் காவிரிப் படுகையில் வாய்ப்புள்ளது என்று ஒரு வாக்கியம். களஞ்சியம் இருக்கிறதா என்று பார்க்காமல் அறுவடைக்கு ஆள் கூப்பிடும் வேலை இது.

கடலூர் மாதிரி ஒரு மாவட்டத்தில் இந்த வரிசை ஆபத்தானது. இங்கே நிலத்துக்கு அடியில் இருப்பது குடிநீர். அதனால் இந்த வழிகாட்டி தலைகீழாகப் போகிறது. முதலில் கிடங்கு, பிறகு குழாய், அதற்குப் பிறகுதான் புகைபோக்கி. மாவட்ட அளவில் திட்ட அறிக்கை தயாரிப்பவர்கள், ஆலைகளின் சுற்றுச்சூழல் பிரிவில் இருப்பவர்கள், கருத்துக்கேட்பில் எழுந்து கேள்வி கேட்கப் போகிறவர்கள் என மூன்று தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் படி: வட்டாரத்தின் எல்லை

தனி ஆலைக்குத் தனிக் குழாய், தனிக் கிணறு என்று போட்டால் யாருக்கும் கட்டுப்படியாகாது. பல ஆலைகள் ஒரே குழாயையும் ஒரே கிடங்கையும் பங்குபோட்டுக்கொள்வதுதான் வட்டாரத் திட்டம். கனடாவின் ஆல்பர்ட்டாவில் உர ஆலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் சேர்ந்து பயன்படுத்தும் 240 கிலோமீட்டர் குழாய் 2020இல் இயங்கத் தொடங்கியது. பிற்பாடு வரும் ஆலைகளுக்கும் இடம் விட்டே அதைப் பெரிதாகப் போட்டார்கள்.

நம் வரைபடத்தில் நான்கு திரள்கள் வரும். ஒன்று, நெய்வேலி. அங்கே 1,470 மெகாவாட் இரண்டாம் அனல்மின் நிலையம், 1,000 மெகாவாட் புதிய நிலையம், இரண்டு விரிவாக்க நிலையங்கள், அருகில் ஒரு தனியார் பழுப்பு நிலக்கரி நிலையம். இரண்டு, பரங்கிப்பேட்டைப் பக்கம் இறக்குமதி நிலக்கரியில் ஓடும் 1,200 மெகாவாட் நிலையம். மூன்று, உப்பனாற்றங்கரை சிப்காட்டும் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையும் புதுச்சேரித் தொழிற்பேட்டைகளும். நான்கு, மேற்கே அரியலூர் சிமென்ட் ஆலைகள். அரியலூர் வேறு மாவட்டம்தான், ஆனால் அதை விட்டுவிடக் கூடாது. சிமென்டில் வெளியாகும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்தப் பகுதி குறையாது. மின்சாரத்துக்குக் காற்றாலை என்ற மாற்று இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லுக்கு அப்படி ஒன்று இல்லை.

இரண்டாம் படி: கிடங்கு

இந்தப் படிக்கு மட்டும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒதுக்குங்கள்.

அடிப்படை விஷயம் இதுதான். கரியமில வாயு 31 டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 74 பார் அழுத்தத்துக்கும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேலே போனால் வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் அடர்ந்த ஒரு நிலைக்கு வரும். அந்த நிலையில் கொஞ்ச இடத்தில் நிறைய அடைக்கலாம். நிலத்தடியில் நூறு மீட்டருக்குப் பத்து பார் வீதம் அழுத்தம் கூடுவதால், 800 மீட்டருக்குக் கீழே போனால் போதும் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும்.

நம் ஊருக்கு அது போதாது. அந்த விதி குளிர்நாட்டுக் கணக்கு. நார்வேயின் ஸ்லெய்ப்னர் கடல் எரிவாயு வயலில் 1996இல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் என்ற அளவில் செலுத்தத் தொடங்கினார்கள். அங்கே கடலடித் தரையே கடுங்குளிர். இங்கே தரைமட்டத்திலேயே 28 டிகிரி. கிலோமீட்டருக்கு 30 டிகிரி கூடுகிறது என்று வைத்தால் 800 மீட்டரில் 52 டிகிரி. அந்தச் சூட்டில், 80 பாரில், ஒரு கனமீட்டர் இடத்தில் 200 கிலோ சொச்சம்தான் பிடிக்கும். 1,500 மீட்டருக்கு இறங்கினால் அது 450 கிலோவுக்கு மேல் போகிறது. 2,000 மீட்டரில் 540 கிலோ வாக்கில். ஆகவே இங்கே 1,200 மீட்டரை விட ஆழம் குறைந்த எந்த அடுக்கையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். யாராவது 800 மீட்டர் என்று அறிக்கை கொடுத்தால், வேறு நாட்டு அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, அடுக்குகளின் வரிசை. மேலே இருப்பது கடலூர் மணற்பாறை. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றனவே, அதே பாறை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் இந்தத் தொகுதியைச் சேர்ந்ததுதான். நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே ஊற்றழுத்தம் நிறைந்த பெரும் நீர்த்தாங்கி இருக்கிறது. சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துவிடும் வேகத்தில் அது மேல்நோக்கி அழுத்துவதால், இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே நிலக்கரி வெட்ட முடியும். மாவட்டத்துக் குடிநீர், பாசனம், ஆலைகளின் ஆழ்துளைக் கிணறுகள் எல்லாம் இந்த மணற்பாறையை நம்பித்தான் இருக்கின்றன.

வெட்டாமல் விட்ட நிலக்கரியிலேயே வாயுவை ஏற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கோட்பாட்டளவில் நிலக்கரி கரியமில வாயுவை உறிஞ்சும். ஆனால் நெய்வேலிப் படிவம் கிடப்பது திறந்தவெளிச் சுரங்கம் எட்டும் ஆழத்தில். அங்கே கரியமில வாயு வெறும் வாயுவாகவே இருக்கும், அடியில் குடிநீர் இருக்கும். அந்த யோசனையை முதல் கூட்டத்திலேயே தள்ளிவிடலாம்.

உண்மையான வாய்ப்பு காவிரிப் படுகையின் ஆழமான உப்புநீர் அடுக்குகளில் இருக்கிறது, குறிப்பாகக் கிழக்கே கடலுக்கடியில். எண்ணெய்த் தேடலுக்காக இந்தப் படுகையைப் பல பத்தாண்டுகளாகத் துளைத்திருக்கிறார்கள். புவனகிரியில் கிணறு உண்டு. கடலில் பி.ஒய்.-1, பி.ஒய்.-3 வயல்கள் உண்டு. ஆண்டிமடம் தொகுதி, அதை மூடும் சாத்தப்பாடி களிப்பாறை, அதற்கும் மேலே புவனகிரி மணற்பாறை என்று அடுக்குகளுக்கு நம் ஊர்ப் பெயர்களே இருக்கின்றன. கீழே துளைகள் நிறைந்த மணற்பாறை, மேலே வாயுவை விடாத களிப்பாறை: இந்த இணைதான் தேவை. அதனால் புதிதாக எதையும் துளைப்பதற்கு முன் பழைய கிணற்றுப் பதிவுகளையும் தரைக்குள் அதிர்வலை அனுப்பி அடுக்குகளைப் படமெடுத்த நில அலை ஆய்வுத் தரவுகளையும் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகத்தின் தரவுக் களஞ்சியத்திலிருந்து கேட்டு வாங்குங்கள். புதுக் கிணற்றுச் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு.

தரவு கைக்கு வந்ததும் மூன்று கேள்விகளைத் தீர்க்க வேண்டும். முதல் கேள்வி அடுக்கின் சாய்வு. இங்கே பாறைகள் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலை நோக்கிச் சாய்கின்றன. கடலுக்கடியில் மிக ஆழத்தில் இருக்கும் கிரிட்டேசியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த) காலப் பாறைகள் மேற்கே அரியலூரில் தரைக்கு வந்துவிடுகின்றன. வடக்கே வானூர்ப் பக்கம் அதே காலத்து மணற்பாறை புதுச்சேரியின் நீர்த்தாங்கிகளில் ஒன்று. கரியமில வாயு உப்புநீரை விட இலேசானது, சாய்வின் மேல்பக்கம் ஏறத்தான் பார்க்கும். வாயு அவ்வளவு தூரம் வராவிட்டாலும் அது தள்ளும் உப்புநீரின் அழுத்தம் வரும். ஆகவே தேர்ந்தெடுக்கும் அடுக்கு மேற்கே நன்னீர் அடுக்கோடு தொடர்புள்ளதா, நடுவில் பிளவோ, மணற்பாறை களிமண்ணாக மாறும் இடமோ அதை வெட்டிவிடுகிறதா என்பதைக் காட்டியாக வேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்த அடுக்கை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, பிளவுகள். பி.ஒய்.-1 வயலில் எரிவாயு கிடைத்ததே வெடிப்பு விட்ட கருங்கல் அடித்தளத்தில்தான். வெடிப்பு எரிவாயுவைத் தரும், அதே வெடிப்பு நாம் ஏற்றுவதை எங்கேயாவது கொண்டும் போகும். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட நிலநடுக்கம் இந்தக் கரை முழுதும் உணரப்பட்டது, சென்னையிலும்தான். அளவு 5.5 வாக்கில். பெரிய ஆபத்து என்று சொல்லவில்லை. ஆனால் செலுத்துவதற்கு இரண்டு ஆண்டு முன்பே நுண் அதிர்வுமானிகளைப் பதித்து இயல்பான அதிர்வைப் பதிவு செய்யாவிட்டால், பிற்பாடு ஒரு அதிர்வு வரும்போது அது நம்மால் வந்ததா இயற்கையா என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, பழைய கிணறுகள். எண்ணெய் கிடைக்காமல் மூடிய ஒவ்வொரு கிணறும் களிப்பாறை மூடியில் போட்ட ஓட்டைதான். அதற்குள் ஊற்றிய சிமென்ட் எந்த ஆண்டு, எந்த ஆழம், எந்த வகை என்று ஒன்று விடாமல் பட்டியலிடுங்கள். பதிவு கிடைக்காத கிணற்றைக் கசியும் கிணறாகவே கணக்கில் எடுங்கள்.

மூன்றாம் படி: எத்தனை டன் கொள்ளும்

கணக்கு எளிது. பரப்பு, தடிமன், துளைமை (பாறையில் துளைகளின் பங்கு), அடர்த்தி நான்கையும் பெருக்கிக் கடைசியில் பயன்திறனால் பெருக்க வேண்டும். அந்தக் கடைசி எண்ணில்தான் ஏமாற்று வேலை நடக்கும். துளைகளில் ஏற்கெனவே உப்புநீர் நிறைந்திருப்பதால் நடைமுறையில் மொத்தத் துளையிடத்தில் 1 முதல் 4 சதவீதம் வரைதான் நமக்குக் கிடைக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு. 100 சதுர கிலோமீட்டர் பரப்பு, 50 மீட்டர் தடிமன், 20 சதவீதத் துளைமை, கனமீட்டருக்கு அரை டன், பயன்திறன் 2 சதவீதம். பெருக்கினால் ஒரு கோடி டன்.

கேட்க ஒரு கோடி பெரிதாகத்தான் இருக்கிறது. இப்போது நெய்வேலியில் ஒரேயொரு 500 மெகாவாட் அலகை எடுங்கள். ஆண்டில் 80 சதவீதம் ஓடினால் 350 கோடி யூனிட் மின்சாரம். பழுப்பு நிலக்கரியில் யூனிட்டுக்கு 1.1 முதல் 1.2 கிலோ வரை வரும். ஆண்டுக்கு 40 லட்சம் டன் வாக்கில். அதில் 90 சதவீதம் பிடித்தால் 36 லட்சம் டன். நூறு சதுர கிலோமீட்டர் கிடங்கு மூன்று ஆண்டுக்குள் நிறைந்துவிடும். அதுவும் ஒரே அலகுக்கு!

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு நெய்வேலி முழுவதையும் இதில் தீர்த்துவிடலாம் என்ற பேச்சு தானாக அடங்கும். என் கருத்து இது: இந்த வட்டாரத்தில் நிலத்தடி இடம் அரிதான சொத்து. வேறு வழியுள்ள மின்சாரத்துக்கு அதைக் கரைப்பதை விட, வேறு வழியில்லாத சிமென்டுக்கும் வேதி ஆலைகளுக்கும் ஒதுக்குவதே முறை. மின்நிலையத்தைச் சேர்ப்பதென்றால் புதிய அலகு ஒன்றின் புகையில் ஒரு பகுதியை மட்டும் எடுங்கள். முதல் அனல்மின் நிலையத்தை 2020இல் மூடியாயிற்று. ஓய்வை நெருங்கும் பழைய அலகுகளுக்கு முப்பது ஆண்டுக்கான கருவியை மாட்டுவதில் பொருளே இல்லை.

இன்னொரு வரம்பும் உண்டு. கிடங்கு பெரிதாக இருந்தாலும் ஒரு கிணறு எவ்வளவு வேகத்தில் விழுங்கும் என்பது வேறு. ஆஸ்திரேலியாவின் கோர்கன் எரிவாயுத் திட்டத்தில் ஆண்டுக்கு 40 லட்சம் டன் என்று கட்டினார்கள். 2019இல் தொடங்கியும் நிலத்தடி அழுத்தச் சிக்கலால் அந்த இலக்கைத் தொட முடியவில்லை. அல்ஜீரியாவின் இன் சாலா எரிவாயுத் திட்டத்தில் தரையே சில மில்லிமீட்டர் உயர்ந்ததைச் செயற்கைக்கோள் காட்டியது. மூடிப் பாறை பற்றிய கவலையால் 2011இல் செலுத்துவதை நிறுத்தினார்கள். பாறை வெடிக்கும் அழுத்தத்தில் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க விதி. நம்மிடம் அப்படி எழுதப்பட்ட விதி இல்லாததால் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: எந்தப் புகையை முதலில் பிடிப்பது

அளவைப் பார்க்காமல் செறிவைப் பாருங்கள். எரிசாராய ஆலையில் சர்க்கரைப்பாகு நொதிக்கும்போது வரும் வாயு கிட்டத்தட்டச் சுத்தமான கரியமில வாயு. பிரிக்கும் வேலையே இல்லை, உலர்த்தி அழுத்தினால் போதும். ஒரு லிட்டர் எத்தனாலுக்கு முக்கால் கிலோ. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் காய்ச்சும் ஆலையில் 75 டன். கடலூர், விழுப்புரம் சர்க்கரை வட்டாரத்தில் இந்த மாதிரி மூலங்களைத் தேடிப் பிடித்தால், சோதனைக் கிணற்றுக்குத் தேவையான வாயு மலிவாகக் கிடைக்கும். சிமென்ட் சூளைப் புகையில் ஏறக்குறைய 20 சதவீதம். நிலக்கரி மின்நிலையத்தில் 12 முதல் 14 சதவீதம். செறிவு குறையக் குறையச் செலவு ஏறும்.

நம் மாநிலத்திலேயே இரண்டு முன்னுதாரணங்கள் உள்ளன. தூத்துக்குடியில் ஒரு சோடா உப்பு ஆலை கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடித்துத் தன் உற்பத்திக்கே பயன்படுத்தும் ஏற்பாட்டை 2016இல் கொண்டுவந்தது. அரியலூரில் டால்மியா சிமென்ட் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் ஆலை அமைக்கப்போவதாக 2019இல் அறிவித்தது. பிடித்ததைப் பொருளாக்குவது நல்லதுதான். ஆனால் சோடா உப்புக்கும் குளிர்பானத்துக்கும் தேவைப்படுவது ஆயிரங்களில், புகைபோக்கி விடுவது லட்சங்களில். பயன்பாட்டை நம்பி வட்டாரத் திட்டம் போட முடியாது.

ஐந்தாம் படி: பிடிக்கும் கருவி

பெரும்பாலும் அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசல்தான். குளிர்ந்த புகையை ஒரு கோபுரத்தில் கீழிருந்து மேலே விட, மேலிருந்து இறங்கும் கரைசல் கரியமில வாயுவை மட்டும் பிடித்துக்கொள்ளும். இன்னொரு கோபுரத்தில் நீராவியால் சூடேற்றினால் வாயு பிரிந்து வரும், கரைசல் திரும்பப் போகும். டன்னுக்கு 3 முதல் 4 கிகா ஜூல் வெப்பம் செலவாகும்.

இதில் திட்ட அறிக்கைகள் ஓரமாகத் தள்ளிவிடும் விஷயம் ஒன்று உண்டு: கந்தகம். புகையில் கந்தக டை ஆக்சைடு பத்து பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் பத்து பங்குக்கு) மேல் இருந்தால் அமீன் அதோடு சேர்ந்து திரும்பாத உப்பாகிவிடும். கரைசலை லாரி லாரியாக வாங்கி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 2025 ஜூலையில் மத்திய அரசு நாட்டின் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவி கட்டாயம் இல்லை என்று விலக்களித்துவிட்டது. விலக்கு பெற்ற நிலையம் எதுவானாலும் கரியமில வாயு பிடிக்க வேண்டுமென்றால் கந்தகக் கருவியை எப்படியும் போட்டே ஆக வேண்டும். அந்தச் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே காட்டுங்கள்.

சாம்பலும் அப்படித்தான். நெய்வேலிக்கு மிக நெருக்கமான உலக உதாரணம் கனடாவின் பவுண்டரி டேம் மின்நிலையம். அதுவும் பழுப்பு நிலக்கரி, 2014இல் தொடங்கியது, 115 மெகாவாட் அளவு. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் என்று கட்டியதில் முதல் 50 லட்சம் டன்னைத் தொட எட்டு ஆண்டுக்கு மேல் ஆனது. நுண்சாம்பல் வெப்ப மாற்றிகளில் அடைத்தது, கரைசல் கெட்டது, அழுத்தும் இயந்திரம் பழுதானது. நார்வே ஸ்லெய்ப்னரைக் காட்டி யாராவது பேசினால், அது இயற்கை எரிவாயுவிலிருந்து பிரிப்பது, நம் கேள்வி பவுண்டரி டேமில் என்ன ஆயிற்று என்பது என்று கேளுங்கள்.

பிடிப்பதும் அழுத்துவதும் சேர்ந்து டன்னுக்குச் சுமார் 300 யூனிட் மின்சாரத்தைத் தின்னும். மேலே சொன்ன 500 மெகாவாட் அலகில் 36 லட்சம் டன்னுக்கு 108 கோடி யூனிட். உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. யூனிட் நான்கு ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 432 கோடி ரூபாய், அதுவும் முதலீட்டுக்கு வட்டி சேர்க்காமல். கூடவே குளிர்விக்கத் தண்ணீர். மாவட்டத்தில் எந்த ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் இதற்கு எடுக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். நெய்வேலியில் சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீர், கரையோரத்தில் கடல்நீர்.

ஆறாம் படி: குழாய்

100 பாருக்கு மேல் அழுத்திய கரியமில வாயுவில் ஈரம் தங்கினால் அது அமிலமாகி சாதாரண எஃகுக் குழாயை உள்ளிருந்து அரிக்கும். அதனால் உலர்த்தும் கருவியில் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பாதையைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு சம்பவம். 2020 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பியில் சடார்ஷியா என்ற சிற்றூர் அருகே பெருமழைக்குப் பின் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் உடைந்தது. வாயு காற்றை விட ஒன்றரை மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கி ஊருக்குள் வந்தது. நாற்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆக்சிஜன் இல்லாமல் கார் இன்ஜின்கள் நின்றுபோயின, தப்பிக்க வண்டி ஓடவில்லை. யாரும் சாகவில்லை. ஆனால் உள்ளூர் மீட்புக்குழுவுக்கு அங்கே அப்படி ஒரு குழாய் போவதே சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

கடலூரை நினைத்துப் பாருங்கள். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று ஆறுகள் எல்லாம் இந்த மாவட்டத்தில் வந்துதான் கடலில் விழுகின்றன. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல். ஆற்றைக் கடக்கும் இடங்களில் படுகைக்கு மிகக் கீழே குடைந்து போட வேண்டும். வெள்ள மண் அரிப்பு எவ்வளவு ஆழம் போகும் என்பதை 2015ஐ வைத்துக் கணக்கிடுங்கள். பெருமாள் ஏரி, வாலாஜா ஏரிப் பக்கத்துத் தாழ்வான குடியிருப்புகளை வாயு பரவும் மாதிரியில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். காற்றில் நான்கு சதவீதம் கலந்தாலே உடனடி உயிராபத்து என்பது அளவுகோல்.

சிப்காட்டுக்கென்று தனிச் சிக்கல் ஒன்று. குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து மக்கள் இத்தனை ஆண்டுகளில் நாற்றத்தை வைத்தே கசிவைக் கண்டுபிடிக்கப் பழகியவர்கள். கரியமில வாயுவுக்கு நாற்றமே கிடையாது. அவர்களுடைய ஒரே எச்சரிக்கைக் கருவி இதில் வேலை செய்யாது. ஆகவே குழாய் போகும் தெருக்களில் உணரி, ஒலிபெருக்கி, காற்றின் திசைக்கு ஏற்ப ஓடும் வழி ஆகியவை குழாயோடு சேர்ந்தே வர வேண்டும். நாற்றப்பொருள் கலப்பதையும் பரிசீலிக்கலாம்.

கடலில் இறங்கிய பிறகும் நேர்கோடு கிடையாது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் எதிரே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்குகள் கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடித் தரையை வெட்டுகின்றன. அவற்றின் சரிவில் குழாய் நிற்காது. ஆய்வுக் கப்பலை எப்போது இறக்குவது என்பதும் யோசிக்க வேண்டியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழை. ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை முட்டையிடும் காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கடல் காலியாக இருக்குமே என்று ஆசை காட்டும். ஆனால் தடை போட்டதே மீன் இனப்பெருக்கத்துக்குத்தான், அந்த நேரத்தில் ஒலி அலை வெடிப்பது அநியாயம். ஜூலை முதல் செப்டம்பர் வரை வைத்துக்கொண்டு, அன்னங்கோயில், தேவனாம்பட்டினம் படகுகளுக்கு இழந்த நாள்களுக்கான ஈட்டுத்தொகையை முன்பணமாகக் கொடுப்பதுதான் நேர்மையான வழி.

ஏழாம் படி: சட்டம்

கரியமில வாயுவை நிலத்தடியில் நிரந்தரமாக வைப்பதற்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. நிதி ஆயோக் 2022 இறுதியில் ஒரு கொள்கைச் சட்டகம் வெளியிட்டது. ஆகவே இருக்கும் சட்டங்களுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், 2020. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அதற்குள் வருகின்றன. எண்ணெய், எரிவாயுத் தேடலும் துளையிடுதலும் எடுத்தலும் அங்கே தடை. கரியமில வாயுவை உள்ளே செலுத்துவது அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. இல்லை என்பதை ஓட்டையாகப் பயன்படுத்த நினைக்காதீர்கள். ஒரு ரிட் மனுவில் திட்டம் ஐந்து ஆண்டு நிற்கும். நிலத்தில் கிணறு வேண்டாம், கடலில் மட்டும் என்று முடிவெடுத்தால் இந்தத் தலைவலியும் குடிநீர்த் தலைவலியும் பெருமளவு தீரும். செலவு கூடும்தான்.

மற்றவை வழக்கமானவை: 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை. புதுச்சேரியின் பாகூர்ப் பகுதி கடலூரோடு பின்னிக் கிடப்பதால் வடக்கே போகும் குழாய் மாநில எல்லையைத் தாண்டும். அங்கே தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு புதுச்சேரியின் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவும் சேரும். இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே ஆவணத்தைக் கொடுங்கள்.

எட்டாம் படி: ஊரோடு பேசுவது

2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கக் கால்வாய்க்காகப் பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரம் இறங்கியதை இந்த மாவட்டத்தில் எந்த விவசாயியும் மறக்கவில்லை. டெல்டாவில் மீத்தேன் எதிர்ப்பும், கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்ததும் ஊருக்கு ஊர் தெரிந்த கதை. குழாய் என்ற சொல்லைக் கேட்டதும் கதவு மூடும் ஊர்களில்தான் நீங்கள் வேலை செய்யப் போகிறீர்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தை முதல் சந்திப்பாக வைக்காதீர்கள். அதற்கு ஓராண்டு முன்பே கிணற்று நீர் ஆய்வைத் தொடங்கி, ஊர்க்காரர்கள் கண் முன்னால் மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, பாதியை அவர்களிடமே கொடுங்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கும் ஆய்வகத்தில் அவர்களே சோதிக்கட்டும், கட்டணம் உங்களுடையது. மழைக்கு முன், மழைக்குப் பின் என இரண்டு பருவமும் வேண்டும். கார அமிலத்தன்மை, உப்பு, பைகார்பனேட், இரும்பு, ஆர்சனிக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கரியமில வாயு நீரில் கலந்தால் பாறையிலிருந்து கன உலோகங்களைக் கரைத்துவிடும் என்பதுதான் உண்மையான பயம், வெடிக்கும் என்பது அல்ல. அதை மறைக்காமல் சொல்லிவிட்டால் பேச்சு நடக்கும்.

ஒன்பதாம் படி: பணம்

நார்வேயில் 1991இல் வந்த கார்பன் வரிதான் ஸ்லெய்ப்னரை உருவாக்கியது. அமெரிக்காவில் நிலத்தடியில் நிரந்தரமாக வைக்கும் டன்னுக்கு 85 டாலர் வரிச்சலுகை. இந்தியாவில் 2023இல் அறிவித்த கார்பன் கடன் வர்த்தகத் திட்டத்தின் கீழ், 2025 அக்டோபரில் சிமென்ட், அலுமினியம், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய துறைகளுக்கு இலக்கு வந்தது. மின்நிலையங்கள் அதில் இல்லை. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் சிமென்ட், இரும்பு, உரம் போன்றவற்றுக்கு 2026 முதல் எல்லைக் கார்பன் கட்டணமும் உண்டு. வருமானத்துக்கு ஏதாவது கணக்கு இருப்பது தொழிலகத்துக்குத்தான், மின்நிலையத்துக்கு இல்லை. மூன்றாம் படியில் வந்த முடிவையே பணமும் சொல்கிறது.

எண்ணெய் வயலில் செலுத்தி மிச்ச எண்ணெயை எடுத்துச் செலவை ஈடுகட்டலாம் என்பார்கள். பவுண்டரி டேமும் அப்படித்தான் ஓடியது. எடுத்த எண்ணெயை எரித்தால் வரும் புகையையும் அதே தாளில் கழித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பத்தாம் படி: செலுத்திய பிறகு

முதல் கிணறு சோதனைக் கிணறு. ஆண்டுக்கு 20,000, 30,000 டன் போதும், லாரியிலும் கப்பலிலும் கொண்டுபோகலாம். நார்வேயின் பிரெவிக் சிமென்ட் ஆலையில் பிடித்ததைக் கப்பலில் ஏற்றிக் கடலோர நிலையத்துக்குக் கொண்டுபோய், கடலடிக்கு 2,600 மீட்டர் கீழே 2025இல் செலுத்தத் தொடங்கினார்கள். குழாய்க்கு முன் கப்பல் என்ற அந்த வரிசை கடலூர்த் துறைமுகத்துக்கும் பொருந்தும்.

செலுத்தும்போது கிணற்றடி அழுத்தத்தைத் தொடர்ந்து பதிய வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நில அலை ஆய்வைத் திரும்ப எடுத்து வாயு எங்கே பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கண்காணிப்புக் கிணற்றையும் கண்காணியுங்கள். அமெரிக்காவின் டெக்கேட்டர் சேமிப்புத் தளத்தில் கசிவு 2024இல் வெளியே தெரிந்தபோது, அது வந்த வழி கண்காணிப்புக்கென்று போட்ட கிணறுதான்.

கிணற்றை மூடிய பிறகு யார் பொறுப்பு? ஐரோப்பிய விதிப்படி பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டு நிறுவனம் பார்த்துக்கொண்ட பிறகுதான் அரசுக்கு மாற்றலாம். அமெரிக்காவில் 50 ஆண்டுக் கண்காணிப்பு. நம் ஊரில் நிறுவனம் அத்தனை நாள் இருக்குமா என்று கேட்பது குசும்பு இல்லை. ‘தானே’ புயல் அடித்த பிறகு பாதிக் கட்டடத்தோடு நின்று, திவால் நடவடிக்கை வரை போன சுத்திகரிப்பு ஆலை இதே கரையில்தான் இருந்தது. அதனால் உள்ளே போகும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு தொகை, நிறுவனத்தின் கடன்காரர்கள் தொட முடியாத தனிக் கணக்கில் அன்றன்றே சேர வேண்டும். ஐம்பது ஆண்டுக் கண்காணிப்பு, பழுதான கிணறு ஒன்றைத் திரும்ப மூடும் செலவு, குடிநீர் கெட்டால் மாற்றுக் குடிநீர் ஆகிய மூன்றுக்கும் அந்தத் தொகை காண வேண்டும். அந்தக் கணக்கைத் திறக்கும் பத்திரத்தை முதல் கிணற்றுக்கான விண்ணப்பத்தோடு இணைத்தே கொடுங்கள். இணைக்காத விண்ணப்பத்தை வாங்கும் அலுவலகம் அன்றே திருப்பி அனுப்பட்டும்.